தென்றலின் பதினொரு பக்கங்கள்

சந்திரகலா டிகிரி முடிக்காதவள். ஆனால் அவள் கைபட்டுப் பட்டதாரி ஆனவர்கள் திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினேழு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் அரசாங்க ஆபீஸில் பதவி உயர்வு வாங்கினார்கள். ஒருவர் நர்சரி ஸ்கூல் நடத்துகிறார். அவர்களில் யாரைத் தெருவில் பார்த்தாலும் அவளுக்குத் தென்றல் ஞாபகம் வந்துவிடும். தென்றல் அந்தப் பதினேழில் இல்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது சந்திரகலாவுக்குப் பத்தொன்பது வயது. புதுசு புதுசாக ஆபீஸ்கள் திறந்துகொண்டிருந்த நேரம். எல்லா ஆபீஸுக்கும் டைப் அடிக்க ஆள் வேண்டியிருந்தது. தேரடித் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்து, அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் சேர்ந்துவிட்டாள். அதே வருஷம் அஞ்சல் வழியில் பி.ஏ.வுக்கும் பணம் கட்டினாள். மாதம் ஒருமுறை பாடக்கட்டு தபாலில் வரும். சில மாதம் வராது. வேலூரில் பத்து நாள் நேர்முக வகுப்பு என்று கடிதம் வந்தபோது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா சடையன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பொட்டப் புள்ள பத்து நாளு வெளியூர்ல தங்கறதுலாம் வேணாம்."

சந்தேகம் கேட்க ஆள் இல்லை. இரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் பாடக்கட்டு வந்து சேரவே இல்லை. பழைய புத்தகம் ஒன்றைப் படித்து, புரிந்ததைச் சொந்தமாக எழுதிவிட்டு வந்தாள். முப்பத்தொரு மார்க். மறுபடி எழுதினாள், இருபத்தொன்பது. மூன்றாவது தடவை முப்பத்திரண்டு. இன்ஸ்டிடியூட்டில் கூட வேலை செய்த குருக்கள் வீட்டுப் பெண் ஹைமவதி நோட்ஸை வரி விடாமல் மனப்பாடம் செய்து ஒரே தடவையில் தேறிவிட்டாள்.

"சொந்தமா ஏண்டி எழுதறே? அவா குடுத்ததையே திருப்பிக் குடு, பாஸ் போட்டுடுவா" என்றாள் ஹைமவதி. அவள் எகத்தாளமாகச் சொல்லவில்லை. தோழி மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள். சந்திரகலாவின் மனசில் அது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. நம் வார்த்தைக்கு மார்க் கிடையாது என்று முடிவுகட்டிக்கொண்டாள். நாலாவது தடவை அவள் எழுதப் போகவில்லை. அப்புறம் மூர்த்தியோடு கல்யாணம் ஆனது. மூர்த்தி பஸ் கண்டக்டர். வேங்கிக்காலில் வீடு பார்த்துக் குடி வந்தார்கள்.

டைப்ரைட்டிங் தெரிந்தவளுக்குக் கம்ப்யூட்டர் கஷ்டமாக இல்லை. இரண்டாயிரத்து இரண்டில் கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்சம் தள்ளி, ஜெராக்ஸ் கடைகளுக்கும் மனு எழுதித் தருகிறவர்களுக்கும் நடுவே ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தாள். ஐந்து கம்ப்யூட்டர். ரிசல்ட் பார்க்க வருவார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு மெயில் அனுப்ப வருவார்கள். இரண்டு வருஷம் கழித்து, வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று இணையத்திலேயே பி.பி.ஏ. படிக்கலாம் என்று அறிவித்தது. பாடமும் கம்ப்யூட்டரில், பரீட்சையும் கம்ப்யூட்டரில். வாரம் ஒரு சின்னத் தேர்வு, மாதம் ஒரு அசைன்மென்ட். ஊருக்கு ஊர் உதவி மையம் வைக்க ஆள் தேடினார்கள். சந்திரகலா விண்ணப்பித்தாள், கிடைத்தது. மைய ஒருங்கிணைப்பாளர் என்று அவள் பேர் போட்ட கடிதம் வந்த அன்று, மூர்த்தி அதைத் தன் டிப்போவில் நாலு பேரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

முதல் வருஷம் அவள் செய்தது நல்ல காரியம். அதில் சந்தேகமே இல்லை. சேர்ந்த பதினாலு பேரில் பாதிப் பேருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் அழுத்தினால் அடுத்த பக்கம் வரும் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். ஒரு வாரம் வராதவர்களுக்குப் போன் போட்டாள். "என்னாங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? புதன்கிழம டெஸ்ட்டு இருக்குது, மறந்துடாதீங்க" என்பாள். தான் படித்தபோது ஒருத்தராவது இப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

பிசகு ஆரம்பித்தது அருணகிரியிடம். அருணகிரி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர். டிகிரி இருந்தால்தான் மேலே போகலாம். ஒரு நாள் சாயந்திரம் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மேடம், ஜமாபந்தி நடக்குது, தலைக்கு மேல வேல. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் நீங்களே பதில் அடிச்சு வுட்டுடுங்க."

அவள் அடித்துவிட்டாள். எண்பது மார்க் வந்தது. அடுத்த வாரமும் ஒரு நாள் மட்டும் என்றார். பிறகு அந்த வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை, பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர். இரண்டாம் வருஷ முடிவில் அவளுடைய லாங் சைஸ் நோட்டில் இருபதுக்கு மேல் பாஸ்வேர்டு இருந்தது. பாடத்தை அவள் படித்தாள், கேள்விக்கு அவள் பதில் எழுதினாள், ஒரே பதிலை ஏழெட்டு விதமாக மாற்றி ஏழெட்டுப் பேருக்கு ஏற்றினாள். எல்லாரும் தேறினார்கள். சுவரில் மார்க் பட்டியல் ஒட்டி வைத்திருந்தாள், எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று. அதைப் பார்க்கும்போது தன் முப்பத்திரண்டு மார்க் கொஞ்சம் கொஞ்சமாக அழிவது போல் அவளுக்கு இருந்தது.

பட்டியலில் கடைசியில் தென்றலின் பேர் இருக்கும். நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து.

தென்றல் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். இருபத்திரண்டு வயது. அப்பா கண்ணாயிரத்துக்குக் கொஞ்சம் நிலம், மணிலாக் கடலை போடுவார். அவள் கீழ்பென்னாத்தூரில் ஒரு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அரை நாள், ஞாயிற்றுக்கிழமை முழு நாள் பஸ் பிடித்து வருவாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் அவளுக்கு ராசி. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பாள்.

"இப்படி அடிச்சா விடிஞ்சிடும். பாஸ்வேர்டு குடுத்துட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சந்திரகலா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"இல்லக்கா, நானே அடிக்கறேன். மார்க்கு கம்மியா வந்தாலும் பரவால்ல."

"கம்மியா வந்தா பெயிலாயிடுவே."

"ஆவல இல்லக்கா இதுவரைக்கும்" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு சந்திரகலாவுக்குப் பிடிக்கும். ஆனால் உள்ளுக்குள் பயமாகவும் இருக்கும். தன்னைப் போலவே இவளும் எங்கேயாவது ஒரு பாடத்தில் மாட்டிக்கொள்வாள், அப்புறம் வரவே மாட்டாள் என்று நினைப்பாள்.

இரண்டாயிரத்து ஏழில் கடைசிப் பருவம். உங்கள் ஊரில் ஒரு தொழிலை நேரில் பார்த்து எழுதுங்கள் என்று ப்ராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். அதற்கு மார்க் ஜாஸ்தி, அதில் போனால் வருஷமே போய்விடும். சந்திரகலா ஒரு ஜவுளிக்கடையின் சரக்கு நிர்வாகம் பற்றி எங்கெங்கோ இருந்து எடுத்து இருபத்தாறு பக்கம் தயார் செய்தாள். கடைப் பேரையும் ஊரையும் மாற்றி ஆறு பேருக்கு அதையே ஏற்றினாள்.

தென்றல் எதைப் பற்றி எழுதுகிறாள் என்று கேட்டபோது சந்திரகலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னாம்மா இது, பி.பி.ஏ. ப்ராஜெக்ட்டுக்கு டீக்கடையா?"

"நேர்ல பாத்து எழுதுன்னுதானேக்கா போட்டிருக்காங்க. எங்க பஸ் ஸ்டாண்டாண்ட ரெண்டு டீக்கடை கீது. ஒரே டீ, ஒரே வெல. ஒண்ணுல எப்பவும் கூட்டம், ஒண்ணுல ஈ ஓட்டறாரு. ஏன்னு பாக்கப் போறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் சென்டருக்கு வரவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எத்தனை பேர் எந்தக் கடைக்குப் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம் வந்து ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள்.

ஏற்ற வேண்டிய கடைசி நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. சாயந்திரம் ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் வராது, எல்லாப் பக்கமும் மறித்து வெளியிலேயே இறக்கிவிடுவார்கள். மத்தியானம் இரண்டரை மணிக்கு உரக்கடையிலிருந்து தென்றல் போன் செய்தாள்.

"அக்கா, பஸ்ஸே ஏற முடியல. வந்தது ரெண்டும் நிக்காம பூடுச்சு. எறங்கி நடந்து வந்தாலும் அஞ்சு மணிக்குள்ள வந்து சேர மாட்டேன். மூணாம் நம்பர் சிஸ்டத்துல ப்ராஜெக்ட்டு முடிச்சு வச்சிருக்கேன்க்கா. அத அப்படியே ஏத்திடுங்களேன்."

"பாஸ்வேர்டு சொல்லு."

தென்றல் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவள் அப்பா பேரும் வயலின் சர்வே நம்பரும். மூன்று வருஷத்தில் அதை அவள் இன்னொருத்தரிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

சந்திரகலா கோப்பைத் திறந்தாள். பதினொரு பக்கம் இருந்தது. தலைப்பு, துணைத்தலைப்பு எதுவும் இல்லை. நிர்வாகப் புத்தகத்து வார்த்தை ஒன்றுகூட இல்லை. குழந்தை எழுதின மாதிரி சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்கள், அதிலும் ஏகப்பட்ட பிழை. நடுவில் மணிவாரியாகக் கோடு போட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கட்டம். முடிவில் அவள் கண்டுபிடித்ததை எழுதியிருந்தாள். முதல் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியும், இரண்டாவது கடைப் பெஞ்சு சுவரைப் பார்த்துக் கிடக்கிறது, அதில் உட்கார்ந்தால் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோம் என்று மனுஷனுக்குப் பயம். டீ குடிக்கிறவன் டீக்காக மட்டும் உட்காருவதில்லை.

சந்திரகலா படித்து முடித்தாள். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவள் யோசிக்கவே இல்லை. சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பி, முப்பத்தொன்றும் இருபத்தொன்பதும் வாங்கின அந்தப் பெண்தான் அவளுக்குள் உட்கார்ந்து படித்தாள். இதைப் போய் அனுப்பினால் இந்தப் பிள்ளைக்கு மூன்று வருஷமும் வீண் என்று நினைத்தாள். ஜவுளிக்கடையைத் திறந்தாள். ஊர்ப் பேரைக் கீழ்பென்னாத்தூர் என்று மாற்றினாள். முன்பக்கத்தில் தென்றலின் பேரைப் போட்டாள். நாலு இருபதுக்கு ஏற்றிவிட்டாள்.

ஐந்து மணிக்குத் தென்றல் மறுபடி கூப்பிட்டாள்.

"ஏத்திட்டீங்களாக்கா?"

"ஏத்திட்டேன்மா."

"அப்படியேதானேக்கா?"

"ஏத்தியாச்சு, நீ நிம்மதியா இரு."

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஏழு பேருக்கும் ஒரே மெயில் வந்தது. ஏழு ப்ராஜெக்ட்டும் ஒன்றுபோல் இருக்கின்றன, விளக்கம் தரவும். ஆறு பேர், சேர்ந்து படித்தோம், தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும் என்று எழுதினார்கள். அந்த மன்னிப்பையும் சந்திரகலாதான் அடித்துக் கொடுத்தாள். அவர்களுக்குப் பாதி மார்க்கைக் குறைத்துத் தேற விட்டார்கள்.

தென்றல் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் எழுதியது டீக்கடை பற்றி, இது தன்னுடையதே இல்லை என்று எழுதி, பதினொரு பக்கத்தையும் அனுப்பினாள். இதைப் பிறகு தயாரித்திருக்கலாம், உண்மை என்றால் மைய ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்துமூலமாக வாங்கி அனுப்பவும் என்று பதில் வந்தது.

அவள் நேரே சந்திரகலாவிடம் வந்தாள். அதுவரைக்கும் அவள் சந்திரகலாவைச் சந்தேகப்படவே இல்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ மாறிப் பூடுச்சு போலக்கா. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும்னு சொல்றாங்க" என்றாள். சந்திரகலா தருகிறேன் என்றாள்.

அன்று சாப்பிடும்போது மூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னான்.

"உண்மைய எழுதினா சென்டர எடுத்துடுவாங்க. எடுத்தா போவட்டும். உள்ள இன்னும் இருபத்தாறு பேரு படிக்கறாங்களே, அவங்க கதி என்னா? ஒருத்திக்காக அத்தன பேரயும் நடுரோட்ல விட்டுடுவியா?"

மூர்த்தி கெட்டவன் இல்லை. அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவனும் கேட்டான். அவளுக்கு அந்தக் கேள்வி சௌகரியமாக இருந்தது.

மறுநாள் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். தென்றல் ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண், கடினமாக உழைப்பவள், நன்னடத்தை உள்ளவள், இந்த ஒரு முறை கருணை காட்டி மன்னிக்குமாறு மையத்தின் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. யார் மாற்றினார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

பல்கலைக்கழகம் அதை அவர்கள் முறைப்படி புரிந்துகொண்டது. ஒருங்கிணைப்பாளரே மன்னிப்புக் கேட்பதால் தவறு நடந்தது உறுதியாகிறது, மாணவி மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார், ஆகவே பதிவு ரத்து, இரண்டு வருஷத்துக்குச் சேர முடியாது.

புதன்கிழமை தென்றல் வந்தாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்தாள். கூடவே சந்திரகலாவின் கடிதத்தையும் இணைத்திருந்தார்கள். இங்கிலீஷை எப்போதும் படிக்கிற மாதிரி, வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். சந்திரகலா கல்லாவில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"அக்கா, எனக்காக நீங்க மன்னிப்பு கேட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. எப்படியாவது..."

"நான் என்னாக்கா தப்பு பண்ணேன்?"

தென்றல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். எல்லாம் அந்த இடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான் மாத்துனீங்களா?"

"உன் நல்லதுக்குதான்மா. அது... அது பாஸாகாதுன்னு பயந்துட்டேன்."

அவள் சத்தம் போடுவாள், அழுவாள் என்று சந்திரகலா எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை.

அதன்பின் ஐந்து மாதம் சந்திரகலா சரியாகச் சாப்பிடவில்லை என்று மூர்த்தி சொல்வான். ஒரு நாள் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து, நடந்தது நடந்தபடி எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். சென்டர் போனாலும் போகட்டும் என்றுதான் அனுப்பினாள். சென்டர் போகவில்லை. அந்தப் பருவத்தின் முடிவுகள் வெளியிடப்பட்டுவிட்டன, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முன்பே எழுதியிருந்தால் தென்றலுக்குப் பட்டமும் கிடைத்திருக்கும், தனக்குத் தண்டனையும் கிடைத்திருக்கும் என்று நினைத்தாள். இப்போது இரண்டும் இல்லை.

அந்த இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கண் தானாக டீக்கடைகளைத் தேடியது. இரண்டு கடையிலும் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாவது கடைக்காரர் பெஞ்சைத் திருப்பி ரோட்டைப் பார்க்கப் போட்டிருந்தார்.

உரக்கடையில் தென்றல் பில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

சந்திரகலா கடிதங்களை நீட்டினாள். அவள் நின்றபடியே படித்தாள். நடுவில் ஒருத்தர் யூரியா கேட்டு வந்தார், அவருக்கு பில் போட்டு அனுப்பிவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

"எழுதிட்டீங்க. சரி மேடம்."

"என்னை மன்னிச்சுடும்மா."

"கோவம்லாம் இல்ல மேடம். நல்லா இல்லன்னு தோணுச்சுன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம். உக்காந்து திருத்தியிருப்பேன். எனக்கு முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, அதான்."

கடிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பிய வாரமே சந்திரகலா எல்லாரையும் கூப்பிட்டு, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள், இனிமேல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவேன், அடித்துத் தர மாட்டேன் என்றாள். பாதிப் பேர் வேறு சென்டர் பார்த்துக்கொண்டார்கள். பதவி உயர்வு வாங்கின அருணகிரி, ஆபீஸில் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதங்களை எடுத்துக்கொண்டு அப்போதும் வந்துகொண்டிருந்தார். "உக்காருங்க சார், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்றாள் ஒரு நாள். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். எழுதத் தெரியாமல் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்று அவள் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மிச்சமிருந்தவர்களில் நாலு பேர் தேறினார்கள். ஐம்பது, ஐம்பத்திரண்டு. மார்க் பட்டியல் ஒட்டுவதை அவள் நிறுத்திவிட்டாள். தேறாமல் போனவர்களுக்காகவும் வருத்தப்பட்டாள். சரியானபடி உதவக் கற்றுக்கொள்வதற்குள் காலம் கடந்துவிட்டது. இரண்டாயிரத்து ஒன்பதில் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டது. தென்றலுக்கு விதித்த இரண்டு வருஷம் அப்போதுதான் முடிந்திருந்தது.

வேறொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு சந்திரகலா மறுபடி உரக்கடைக்குப் போனாள். தென்றல் அங்கே இல்லை. கல்யாணமாகிச் சேத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டாள் என்றார் கடைக்காரர். விலாசம் கேட்டு வாங்கி வந்தாள். விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வைத்தாள். சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சேர்ந்தால் என்ன உதவி வேண்டுமானாலும் கேள், கேட்டதை மட்டும் செய்வேன் என்று தமிழில் எழுதியிருந்தாள்.

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் போட்டேன் என்று மூர்த்தியிடம் சொன்னாள். ஆனால் அந்த மாதம் முழுக்க, தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.